பதினொரு தட்டு, ஒரே சட்டி

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதில் என் படம் இருக்கிறது. தலையில் உயரமான வெள்ளைத் தொப்பி. வேலை பார்த்த காலமெல்லாம் என் தலையில் இருந்தது ஈரத்துண்டுதான். அந்தத் தொப்பியை ஒரே ஒரு நாள், படம் எடுப்பதற்காக மாட்டிவிட்டார்கள். படத்துக்குக் கீழே, சமையல் படித்தால் லட்சத்தில் சம்பளம் என்று எழுதியிருக்கிறது. என்னைக் கேட்டு வைக்கவில்லை. எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை.

அதைப் பார்த்துவிட்டுப் பண்பொழிக்கு என்னைத் தேடி ஆள் வருகிறது. பிள்ளையைச் சேர்க்கலாமா, என்ன சம்பளம் கிடைக்கும், வெளிநாடு போகலாமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் கோணல் இல்லை.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜோடு சேர்ந்த ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தேன். பிறகு காய் வெட்டு, பிறகு மாவு, பிறகு அடுப்பு. அடுப்புக்கு வர எத்தனை வருடம் ஆனது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அதுவும் அநியாயம்தான். சூட்டுக் கரண்டியால் வாங்கிய அடி முழங்கையில் இன்னும் தழும்பாக இருக்கிறது. ஆனால் என்னிடம் யாரும் பீஸ் வாங்கவில்லை. படிப்பிக்கிறோம் என்று சொல்லவும் இல்லை. வேலை வாங்கினார்கள், சோறு போட்டார்கள். அந்த மட்டுக்கும் அவர்கள் பொய் சொல்லவில்லை.

எங்கள் அடுப்பு அருவியைப் பார்த்து எரிகிற அடுப்பு. வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. தண்ணீர் அளவாக விழுந்தால் கூட்டம் பிரிந்து பிரிந்து குளிக்கும், பிரிந்து பிரிந்து சாப்பிட வரும். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பசியோடு திரும்புவார்கள். அதனால் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவரிடம் சொல்லி வைத்திருப்போம். தடை போட்டதும் அவர் போன் பண்ணுவார். போனை வைக்கும் முன்பே இரண்டு உலை ஏற வேண்டும். தடை நீங்கிவிட்டது என்றால் ஏற்றிய உலையில் அரிசி போடக் கூடாது. சுடுதண்ணீரோடு நிற்கட்டும். சாப்பிட வந்தவன் பாதியில் எழுந்து குளிக்கப் போய்விடுவான். இந்தக் கணக்கில் தப்பினால் சோறு சாக்கடைக்குப் போகும்.

எனக்கு மேலே இருந்தவர் குட்டன் மாஸ்டர். புனலூர்ப் பக்கத்து மலையாளி. சத்தம் போட மாட்டார். கை ஓங்க மாட்டார். என்னை அடித்தது அவருக்கு முன்னால் இருந்தவர். ஒருவன் ஒரு குழம்பைக் கெடுத்துவிட்டால் குட்டன் மாஸ்டர் அதைக் கொட்டவும் விடமாட்டார், பந்திக்கு அனுப்பவும் விடமாட்டார். தனியாக எடுத்து மூடி வைப்பார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு கெடுத்தவனைக் கூப்பிட்டு, “இரி” என்பார், உட்கார் என்று. அவன் முன்னால் ஒரு தட்டு. தன் முன்னால் ஒரு தட்டு. இரண்டிலும் அந்தக் குழம்பு. பேசாமல் சாப்பிடுவார். நாமும் சாப்பிட வேண்டும். எங்கே கெட்டது என்று கடைசி வாய்க்குள் நமக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அப்போது சொல்வார். உப்புக் கரித்த சாம்பாரை ஒருநாள் முழுத்தட்டு சாப்பிட்டுவிட்டு, பின்வாசலில் போய்க் குத்தவைத்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். கெடுத்தவன் நான்.

அவருக்குப் பிறகு அந்த அடுப்படி என் பொறுப்புக்கு வந்தது.

சம்பளம் கேட்கிறீர்கள். சொல்கிறேன். சாரல் விழுகிற மாதங்களில் தினக்கூலி. சாரல் நின்றால் கூலியும் நின்றது. மிச்ச மாதங்களுக்குக் கல்யாண வீடு, சடங்கு வீடு. அதுவும் இல்லாத மாதம் வெறும் மாதம். பி.எஃப். கிடையாது. மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லுக்குக் கடையில் அரிசி தரமாட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் பரோட்டா போடுகிறவனுக்குத்தான் கொஞ்சம் நல்ல கூலி. அவனும் தோள்பட்டை இருக்கிறவரைக்கும்தான். புதிதாக உள்ளே வருகிற பிள்ளைக்கு, கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுக்கிற ஆளின் கூலிகூடக் கிடைக்காது. பெரிய ஊர், பெரிய ஹோட்டல் என்றால் சட்டை வெள்ளையாக இருக்கும். தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போக மிச்சம் இதே அளவுதான். மேலே ஏறியவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஏறியவர்கள் எல்லோரும் அடுப்பு முன்னால் நின்று ஏறியவர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின சில சீசன்களில் ஒரு புது ஏற்பாடு வந்தது. தென்காசி குற்றாலம் ரோட்டில் ஒரு கேட்டரிங் இன்ஸ்டிட்யூட் திறந்தார்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளை சீசனுக்கு எங்கள் ஹோட்டலுக்கு அனுப்புவார்கள். பெயர் டிரெய்னிங். வெங்காயம் உரிப்பது, தட்டு கழுவுவது, மேஜை துடைப்பது. கூலி இல்லை. வருடா வருடம் காய் வெட்ட வந்த இலஞ்சிப் பெண்களை, இனிமேல் வேண்டாம் என்று முதலாளி நிறுத்திவிட்டார். அவர்களுக்கு வருமானம் வருகிறதே அந்த மாதங்களில்தான். நான் முதலாளியிடம் கேட்டேன். பிள்ளைகள் தொழில் படிக்கிறதை நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்த சீசன் முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, தலைக்கு இவ்வளவு என்று அவர் இன்ஸ்டிட்யூட்டுக்குக் காசு கொடுக்கிறார். பிள்ளைகள் பீஸ் கட்டுகிறார்கள், வேலையும் செய்கிறார்கள். அந்த வேலைக்கு உண்டான கூலி பிரின்சிபால் பைக்குப் போகிறது.

பிரின்சிபாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல நிறம், நல்ல பேச்சு. யாரையும் நீ என்று சொல்லமாட்டார். பத்தொன்பது வயதுப் பிள்ளையைக்கூட செஃப் என்றுதான் கூப்பிடுவார். “செஃப், அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் கழுவிருங்க.” அந்தப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த சம்பளம் அந்தச் சொல் ஒன்றுதான். அது போதும் என்று நினைக்கிற வயது அவர்களுக்கு. எனக்கு எரியும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வைகாசியில் அவர் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளுக்குக் கடைசிப் பரீட்சை நடக்கிறது, வெளியாள் ஒருவர் ருசி பார்த்து மார்க் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், நீங்களே வாருங்கள் என்றார். பாஸ் ஆனவர்களை ஒரு கொச்சி ஹோட்டலில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு என்றும் சொன்னார். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

போனதும் தொப்பியை மாட்டிப் படம் எடுத்தார்கள். காப்பி கொடுத்தார்கள். சமைக்கிற இடத்தைப் பார்க்கிறேன் என்றேன். எல்லாம் முடிந்துவிட்டது, தட்டு தயாராக இருக்கிறது என்று ஒரு ஹாலுக்குக் கூட்டிப்போனார். நீள மேஜையில் வெள்ளை விரிப்பு. பன்னிரண்டு தட்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பிள்ளை, வெள்ளைச் சட்டையில். எல்லோரும் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதி செய்திருப்பதாகச் சொன்னார். கேரட்டைப் பூவாக வெட்டி மேலே வைத்திருந்தார்கள்.

முதல் தட்டில் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினேன். சுமாரான சொதி. ஆனால் லேசாக அடிப்பிடித்த வாடை. சரி, பரீட்சைப் பயத்தில் கவனம் தவறியிருக்கும். இரண்டாவது தட்டிலும் அடிப்பிடித்த வாடை. மூன்றாவதிலும். ஐந்தாவதுக்கு வரும்போது நிமிர்ந்து பிரின்சிபாலைப் பார்த்தேன். அவர் சிரித்தார். பதினொன்றாவது தட்டு வரைக்கும் அதே வாடை. பதினொரு பேர் பதினொரு அடுப்பில் ஒரே மாதிரி அடிப்பிடிக்க வைக்க முடியுமா? இதைக் கண்டுபிடிக்க மாஸ்டர் வேண்டாம். மூக்கு இருந்தால் போதும்.

பன்னிரண்டாவது தட்டு வேறு. அது திரிந்து போயிருந்தது. தண்ணீர் தனியாக, தேங்காய்த் துருவல் மாதிரித் திப்பி தனியாக. உருளைக்கிழங்கு வேகவில்லை. அந்தத் தட்டின் பின்னால் நின்ற பெண்ணுக்கு ஊர் வடகரை. பெயர் ஜன்னத். கண் சிவந்திருந்தது.

பின்பக்கம் போனேன். பிரின்சிபால், மாஸ்டர் மாஸ்டர் என்று கூடவே வந்தார். பின்னால் தகரக் கொட்டகை. அதில் ஒரே ஒரு பெரிய பர்னர் அடுப்பு. பக்கத்தில் பெரிய சட்டி, அடியில் கருகல். சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் முருகையா. என்னோடு பல சீசன் அடுப்பில் நின்றவன்.

“ஏலே, நீயா?”

“என்ன செய்யச் சொல்லுதிய அண்ணாச்சி. சாரல் விழ இன்னும் நாள் கிடக்கு. கூப்பிட்டாவ, வந்தேன்.”

“அடிப்பிடிக்க விட்டுட்டியே.”

“சமைக்கவும் நான், தட்டு கழுவவும் நான், கேரட்டுல பூ வெட்டவும் நான். எதைப் பாக்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. அவன்மேல் இல்லை. அடுப்புத் தொழிலாளிக்கு சீசன் இல்லாத மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வருடம் முழுக்க இந்த ஓர் அடுப்புதான் என்று முருகையா சொன்னான். யாராவது ஒருவர் சமைப்பார். பிள்ளைகள் சுற்றி நின்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கேஸ் செலவாகிறது என்று வாரத்துக்கு ஒருநாள்தான் அதுவும். சைக்கிள் ஷெட் பக்கம் ஒரு சின்ன சிலிண்டர் அடுப்பு நின்றது. குற்றாலத்தில் சமைத்துச் சாப்பிட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்களே, அந்த அடுப்பு. ஜன்னத் அதை வாடகைக்கு எடுத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்திருக்கிறாள். பெரிய அடுப்பில் அவளுக்கு இடம் தரவில்லை. சட்டியிலிருந்து அள்ளிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அவள் மாட்டேன் என்றிருக்கிறாள்.

ஹாலுக்குத் திரும்பி வந்து, அவளிடம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“சமைக்கப் படிக்க வந்தேன் மாஸ்டர். அள்ளி வைக்கவா வந்தேன்?”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பிரின்சிபால் காதில் விழுந்தது.

இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னேன். அவள் சொதியில் பாதியை அதில் ஊற்றி அவளிடம் கொடுத்தேன். மிச்சத்தை நான் சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள். மற்ற பிள்ளைகள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றார்கள். முடிந்ததும் எங்கே கெட்டது என்று கேட்டேன். முதல் பிழிவுத் தலைப்பாலை ஊற்றிவிட்டுக் கொதிக்க விட்டுவிட்டேன், அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சம்பழத்தையும் பிழிந்துவிட்டேன் என்று அவளே சொன்னாள். சரியாகச் சொன்னாள். தலைப்பால் ஊற்றினால் ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். ஆறின பிறகுதான் எலுமிச்சம்பழம். இது ஒரு நாள் கெடுத்தால் ஆயுசுக்கும் மறக்காத பாடம். அந்த ஒரு நாளை வருடம் முழுக்க அந்த இன்ஸ்டிட்யூட் யாருக்கும் கொடுக்கவில்லை.

பிறகு எல்லோரையும் கொட்டகைக்கு வரச் சொன்னேன். சமைக்க வேண்டாம், யாராவது அடுப்பை மட்டும் பற்ற வையுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுந்தரபாண்டியபுரத்துப் பையன் செல்வம் முன்னால் வந்தான். வாட்டசாட்டமான பிள்ளை. குனிந்தான். வால்வை முழுசாகத் திறந்தான். கேஸ் சீறியது. அதன் பிறகு தீப்பெட்டி எங்கே என்று சட்டைப் பையைத் தடவினான்.

நான் பாய்ந்து வால்வை அடைத்தேன். எல்லோரையும் வெளியே தள்ளினேன். வாடை போகும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் நின்றேன். முதலில் தீ, பிறகு கேஸ். எங்கள் அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிறவனுக்குக்கூட முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவோம். அந்தப் பிள்ளைமேல் ஒரு தப்பும் இல்லை. அவன் கையில் ஒருநாளும் தீப்பெட்டியைக் கொடுத்ததில்லை.

பிரின்சிபால் என்னை அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“மாஸ்டர், பதினொரு பேருக்குப் பாஸ் போட்டுருங்க. அந்தப் பொண்ணு ஒண்ணுதான், நீங்களே பாத்திய, திரிஞ்சிட்டுல்லா. அதை மட்டும் நிறுத்தி வச்சிருவோம்.”

சமைத்தது அவள் ஒருத்திதான் என்றேன். கெட்டுப்போச்சே என்றார். கெட்டுத்தான் போச்சு என்றேன். அப்படியென்றால் பேச்சு முடிந்ததே என்றார். அவர் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் அந்த ஆள்.

நான் ஒருவருக்கும் பாஸ் போடவில்லை. ஜன்னத்துக்கும் போடவில்லை. பன்னிரண்டு பேருக்கும் அடுப்பு கொடுத்துப் படிப்பியுங்கள், பிறகு பரீட்சை வையுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசலில் பெற்றவர்கள் நின்றார்கள். செய்தி அதற்குள் வந்துவிட்டது. செல்வத்தின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். விவசாயம் பார்க்கிற சம்சாரி. பிள்ளை பீஸுக்காகக் கன்றோடு பசுவை விற்றவர்.

“அண்ணாச்சி, மெய்யோ பொய்யோ, அது ஒரு தாளு. அதை வச்சி எங்கயாவது ஒட்டிக்கிடுவான். போட்டுக் குடுத்திருங்க.”

“ஒட்டிக்கிடுவான். முத நாளே கேஸைத் தொறந்து விட்டுட்டு தீப்பெட்டி தேடுவான்.”

“உங்க பிள்ளைன்னா போடுவியள்லா.”

கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் யாரோ என் வம்சத்தைச் சொல்லித் திட்டியது கேட்டது. திட்ட வேண்டிய ஆள் உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

அன்று ஜன்னத்தின் உம்மாவும் வாசலில் நின்றார். மைமூன் என்று பெயர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் சவூதியில். பணம் வந்து நாளாகிறது. கையில் கிடந்த வளையல்களை அடகு வைத்துத்தான் மகளைச் சேர்த்தார். அந்தக் கொச்சி வேலையை நம்பித்தான் அவர்கள் வீடு இருந்தது. இது எனக்குப் பிறகுதான் தெரியும். முன்பே தெரிந்திருந்தாலும் பாஸ் போட்டிருக்க மாட்டேன்.

மறுநாளே வேறொரு ஆளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பதினொரு பேர் பாஸ். ஜன்னத் மட்டும் ஃபெயில். திரும்ப எழுத வேண்டுமென்றால் தனி பீஸ்.

பதினொரு பேரும் கொச்சிக்குப் போனார்கள். ஆடி பிறப்பதற்குள் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டார்கள். செல்வத்தைத் தென்காசிச் சந்தையில் பார்த்தேன். அங்கே என்ன வேலை என்று கேட்டேன். தட்டு கழுவுதல் என்றான். அடுப்புப் பக்கம் விட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். வால்வு விஷயத்தைச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளத்தைச் சொன்னான். அவன் அப்பா வயலில் களையெடுக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கூலியைவிடக் குறைவு.

அதே ஆடியில் மைமூன் எனக்கு ஆள் அனுப்பினார். பீஸைத் திருப்பிக் கேட்கப் போகிறோம், கூட வர முடியுமா என்று. போனேன்.

பிரின்சிபால் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார். ஜன்னத்தைப் பார்த்து, “வாங்க செஃப்” என்றார். பீஸ் திருப்பித் தருகிற வழக்கம் இல்லை என்றார். மெதுவாக, வருத்தத்தோடு சொன்னார். பிறகு, ஆனால் உங்களுக்கு ஒன்று செய்யலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன் என்றார். இன்ஸ்டிட்யூட்டிலேயே ஒரு வேலை. மாதச் சம்பளம். லேப் அசிஸ்டெண்ட் என்று பெயர். வீட்டுக்குப் பக்கம், பொம்பளைப் பிள்ளை வெளியூர் போக வேண்டியதில்லை.

மைமூன் முகம் மலர்ந்தது. நான் பார்த்தேன். வேலை என்ன என்று ஜன்னத் கேட்டாள்.

“பெருசா ஒண்ணும் இல்ல. முருகையா இனிமே வரமாட்டேன்னுட்டான். பரீட்சை நேரத்துல சமையலைக் கொஞ்சம் பாத்துக்கிடணும். உங்களுக்குத்தான் சமைக்க ஆசையாச்சே.”

மேஜையைத் தட்டி எழப்போனேன். அதற்குள் ஜன்னத் எழுந்துவிட்டாள்.

“முதல்ல பன்னெண்டு அடுப்பு வாங்குங்க சார். வாங்கின பொறவு கூப்பிடுங்க, வாரேன்.”

பார்ப்போம் செஃப் என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அட்மிஷன் இந்த வருடமும் நடக்கிறது. அடுப்பு இன்னும் ஒன்றுதான். சேர்க்கப் போகிறவர்கள் பிரின்சிபால் அறைக்குப் போகாதீர்கள். பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போய் எண்ணிப் பாருங்கள். அடுப்பு எத்தனை, பிள்ளை எத்தனை என்று. நல்ல இடமாக இருந்தால் அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

ஜன்னத் அந்த வேலையை மறுத்த அடுத்த வாரமே தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் காய் வெட்டச் சேர்ந்தாள். சமையல்காரர் வேலையை விட்டுப் போனபோது இவளை அடுப்புக்கு அனுப்பினார்கள். இப்போது நோயாளிகளுக்குக் கஞ்சியும் கூட வந்தவர்களுக்குச் சாப்பாடும் அவள் கையில்தான். சம்பளம் ஒரு பரோட்டா மாஸ்டர் வாங்குவதில் பாதி. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. இதை நல்ல முடிவு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பீஸ் கேட்கப் போன அன்று மூன்று பேரும் செங்கோட்டை பஸ்ஸில் திரும்பினோம். சாரல் உள்ளே அடித்தது. ஷட்டரை இறக்கிவிட்டேன். இலஞ்சி தாண்டியதும் மைமூன் மகள் பக்கம் திரும்பினார்.

“சம்பளம் எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா ஏட்டி.”

“கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருக்க முடியாது உம்மா.”